என் வீட்டில் எனக்கொரு டோக்கன்

வாசலில் செருப்பு விட இடமில்லை.

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தேன். அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து நிமிர்ந்து சட்டையெல்லாம் கிரீஸ். குளித்துவிட்டு, இருப்பதைத் தின்று, படுத்தால் போதும் என்றிருந்தது. கேட்டிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் செருப்புகள். ரப்பர், தோல், ஹீல்ஸ், நடந்தால் பீப்பீ என்று கத்தும் குழந்தைச் செருப்பு. வழக்கமாக நான் விடும் படிக்கட்டு மூலையில் பளபளவென்று ஒரு ஜோடி ஷூ உட்கார்ந்திருந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே தள்ளினேன்.

உள்ளே கால் வைத்ததும் தோளில் பச்சைத் துண்டு போட்ட ஒரு பெண் மறித்தார். சேவைக்குப் புதிதாக வந்தவர்.

"சார், டோக்கன் வாங்கிட்டீங்களா?"

"இன்னாது?"

"அம்மாவப் பாக்க டோக்கன் வேணும் சார். நம்பர்படிதான் உள்ள அனுப்புவோம்."

இது என் வீடு என்று சொல்லியிருக்கலாம். அவர் நின்றுகொண்டிருந்த தரையில் ஒவ்வொரு டைல்ஸையும் மேஸ்திரியோடு உட்கார்ந்து பதித்தவன் நான். தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறி என் போனஸில் வாங்கியது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வீம்பு முந்திக்கொண்டது.

"குடும்மா ஒண்ணு" என்றேன்.

அட்டையை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் பாதி ஹால் இருந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொத தடவையா?" என்றார்.

"ஆமா."

"கவலையே படாதீங்க. அம்மா கையப் புடிச்சாலே பாதி போயிடும்."

"எதுல பாதி?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஹாலில் எல்லோருமே கண்ணை மூடித்தான் இருந்தார்கள். அதுதான் அங்கே விதி. நான் மட்டும் முழித்துக்கொண்டு, சாத்தியிருந்த அறைக்கதவையே பார்த்தேன். அது எங்கள் படுக்கையறை. இடம் போதாமல் போனதால் பகலில் அதையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இருந்த அம்மா என் மனைவி.

தோள்வலிக்குப் போன இடம்

சென்ற வாரம் இந்தத் தொடரில் பணிமனை கேன்டீனைப் பற்றி எழுதியதும், "உங்கள் மனைவியைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் அவளிடம் வருகிறவர்கள். என்னைப் பற்றிய தொடரிலும் அவள்தான் வேண்டுமாம். சரி, எழுதுகிறேன்.

அவள் பெயர் சண்முகவடிவு. திருநெல்வேலிப் பக்கம். சித்த மருத்துவம் படித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்கு வந்தவள். நான் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, கையைத் தூக்க முடியாமல் அங்கே போனேன். என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள்.

"யாரு மேல கோவம்?" என்று கேட்டாள்.

"வலி தோள்ல கீதுங்க. நீங்க கோவத்தக் கேக்குறீங்களே."

"அதத்தான் கேக்கேன். யாரு மேல?"

சூப்பர்வைசர் மேல். சொன்னேன். "அத எறக்கி வச்சிட்டு வாங்க. பொறவு எண்ணெய் தாரேன்" என்றாள். மருந்து தராமல் அனுப்பிய முதல் வைத்தியரை அன்றுதான் பார்த்தேன். மறுநாளும் போனேன். தோள் சரியான பிறகும் போனேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. இன்றைக்கு அடுக்குமாடிகள் நிற்கிற இடத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் என் தாத்தா பாட்டி. அப்பா காலத்தில்தான் ரயில்வே வேலை வந்தது. அவள் வீட்டிலோ வீடு நிறைய வாத்தியார்கள். எப்படியோ கல்யாணம் நடந்தது.

அந்த ஆரம்ப வருடங்களில் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் நாடியைப் பார்ப்பாள். "இன்னைக்கு வளி கூடுதலா இருக்கு, வீண் வாய் பேசாதிய" என்பாள். "அழல் ஏறியிருக்கு, மிளகாய் பஜ்ஜி பக்கம் போவாதிய" என்பாள். வாதத்துக்கு வளி, பித்தத்துக்கு அழல், அவள் படிப்பின் சொற்கள். விளையாட்டுத்தான். அந்த மூன்று விரல்களின் குளிர்ச்சியோடு வேலைக்குப் போவேன். அந்த வழக்கம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கி, கூட்டம் சேரச் சேர, ஒருநாள் விட்டது, மறுநாளும் விட்டது, அப்படியே போய்விட்டது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இன்றைக்கு அண்ணனூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அவளை அம்மா என்கிறார்கள். அப்படிக் கூப்பிட முடியாத ஒரே ஆள் நான்தான்.

சும்மா உட்காருதல்

வடிவு காவி கட்டியதில்லை. காட்டன் புடவை, கண்ணாடி, கையில் சுக்குப் பொடி வாசம். அதிசயம் எதுவும் செய்ததில்லை. நெஞ்சுவலி என்று யாராவது வந்தால், "இங்க ஏன் வந்திய? ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று ஆட்டோ பிடித்து விரட்டுவாள். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களைத் திட்டுவாள்.

அவள் செய்தது ஒன்றுதான். மருந்து கொடுக்கும் முன் எல்லோரையும் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்தாள். "கொதிக்கிற சட்டியில மருந்த ஊத்துனா ஆவியாத்தான் போவும்" என்பாள். மருந்துக்காக வந்தவர்கள் போகப்போக அந்தச் சும்மா உட்காருதலுக்காகவே வர ஆரம்பித்தார்கள். பிறகு அவள் பேசுவதைக் கேட்க. பிறகு அவளைப் பார்க்க.

முதலில் ஏளனம் செய்த ஆங்கில மருத்துவர்களே கை கால் விழுந்த நோயாளிகளை வர்ம சிகிச்சைக்கு அவளிடம் அனுப்பினார்கள். பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு வகை மருத்துவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து முகாம் நடத்தினாள். வீட்டு வாசலில் தொட்டி வைத்து ஆடாதொடையும் நிலவேம்பும் வளர்க்கப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் படித்துவிட்டுப் போன இளம் சித்த மருத்துவர்கள் இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். இதெல்லாம் பெரிய காரியம். எனக்கும் தெரியும்.

ஆனால் கீதா மேடம் வந்தார்.

அயப்பாக்கம் அடுக்குமாடியில் குடியிருப்பவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலிக்கு வந்தவர் மறு மாதம் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வந்த பிறகுதான் பச்சைத் துண்டு, டோக்கன், எல்லாம். ஒருநாள் என் மனைவியிடம் கியாஸ் சிலிண்டர் தீர்ந்ததைச் சொல்லப் போனேன். "சார், அம்மா தியானத்துல இருக்காங்க. என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றார். சிலிண்டர் விஷயத்தைக் கீதா மேடத்திடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தத் தொடரை வடிவு படிப்பதில்லை. கீதா மேடம் படிக்கிறார். வணக்கம் மேடம்.

அண்டா

அந்த ஒரு மழைக்காலத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் தெருவை ஒட்டிப் புதிதாக ஒரு அடுக்குமாடி வந்தது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் வெளியூர்க் குடும்பங்கள். பெருமழையில் அவர்கள் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் புகுந்தது. மோட்டார் வைத்து எங்கள் தெருப் பக்கம் இறைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் குழாயைப் பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள் சுவரை உயர்த்தினார்கள். இவர்கள் கல்லெறிந்தார்கள். ஒரு பையனுக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வந்து போனது. இரண்டு பக்கமும் காய்ச்சல் வேறு பரவியது.

இரண்டு பக்கத்துப் பெண்களும் வடிவிடம் கஷாயம் கேட்டு வந்தார்கள். "ஒரே அண்டாவுலதான் காய்ச்சுவேன். ரெண்டு பேருக்கும் நடுவுலதான் வைப்பேன். வேணுங்கவங்க வந்து குடிங்க" என்று சொல்லிவிட்டாள். நடுவில் என்றால் முழங்கால் அளவு தண்ணீர். கொதிக்கிற அண்டாவை அங்கே யார் கொண்டுபோவது?

நானும் என்னோடு பணிமனையில் வேலை பார்க்கும் பாலாஜியும்தான்.

"மாமே, கால் வழுக்குச்சின்னா ரெண்டு பேரும் வெந்துருவோம் மாமே" என்று சொல்லிக்கொண்டேதான் பாலாஜி வந்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் கையில் கல்லோடு நின்றிருந்தார்கள். ஒரு கல் என் காதோரம் போய்த் தண்ணீரில் விழுந்தது. அண்டாவைக் கீழே போடாமல் போய், கல் அடுக்கி வைத்திருந்த மேட்டில் இறக்கினோம். வடிவு கரண்டியோடு பின்னாலேயே வந்தாள். முதல் டம்ளரை அவளே குடித்தாள். மண்டை உடைந்த பையனின் அம்மா இறங்கி வந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணி வந்தாள். பிறகு எல்லோரும். அந்தக் கசப்பைக் குடித்துவிட்டு ஒருவன் முகத்தை இன்னொருவன் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

"இப்ப கொஞ்சம் சும்மா நில்லுங்க" என்றாள் வடிவு. தண்ணீரிலேயே நின்றார்கள். அடுத்த நாள் சுவரில் வழி விட்டார்கள், கால்வாயை எல்லோரும் சேர்ந்து வெட்டினார்கள். இந்த விஷயம் செல்போனில் வெளியே போய், வேறு ஊர்களில் சாதிச் சண்டை, கோயில் சண்டை என்று வடிவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் அண்டாவோடு போனாள்.

என் முறை

ஹாலில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கதவைத் திறந்து போனேன். வடிவு தரையில் பாய் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன். மூன்று விரல்கள் வந்து உட்கார்ந்தன. எவ்வளவு காலம் ஆயிற்று!

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இட்லி மூடி வச்சிருக்கேன். திங்காம இங்க ஏன் வரிசையில உக்காந்திய?"

"நாடியிலயே தெரிஞ்சிகினியா?"

"கிரீஸ் வாசத்துல."

சிரிப்பு வந்தது எனக்கு. அவள் விரலை எடுக்கவில்லை.

"என்ன செய்யுது?" என்றாள்.

"வவுத்தெரிச்சல்."

"காரம் தின்னியளா?"

"அதில்ல. வாசல்ல செருப்பப் பாத்தா எரியுது. ஹால்ல ஆளுங்களப் பாத்தா எரியுது."

அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிறவள், எனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு வேறு விஷயத்தைத் தொடங்கினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நாலஞ்சு நாளா பாக்குதேன். வெளிநாட்டுல உலக அமைதிக்குன்னு ஒரு மாநாடாம். நம்ம அண்டா கதைய வந்து சொல்லச் சொல்லுதாங்க. கூட ஒரு உதவியாளர் வரலாமாம். வாரியளா?"

"உதவியாளராவா?"

"பேருக்குத்தான்."

"நான் உனக்கு உதவியாளரா?"

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "அம்மா, நேரமாகுது" என்றார் கீதா மேடம்.

"அவங்களயே இட்டுகினு போ" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அண்டாவுக்குக் கால் முளைத்தது

கீதா மேடம்தான் போனார்.

வடிவு பேசியதை பாலாஜி என் செல்போனில் போட்டுக் காட்டினான். பணிமனையில் மதியச் சாப்பாட்டு நேரம். பெரிய மேடை, பல நாட்டு முகங்கள். அதே காட்டன் புடவையில், தமிழிலேயே பேசினாள். யாரோ மொழிபெயர்த்தார்கள்.

"சண்டைங்கறது ஊருக்கு வார காய்ச்சல். காய்ச்சல்ல கெடக்குறவங்கிட்ட நீ சரியா, தப்பான்னு கேக்க முடியாது. மொதல்ல சூடு எறங்கணும். எங்க வைத்தியம் ஒடம்புக்குச் சொன்னத நான் தெருவுக்குச் செஞ்சு பாத்தேன்" என்றாள். கூட்டம் அசையாமல் கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்து அந்த மழைக்காலத்துக்கு வந்தாள். தண்ணீரைச் சொன்னாள். கல்லைச் சொன்னாள். மண்டை உடைந்த பையனின் அம்மாவைச் சொன்னாள். "தண்ணிக்கு நடுவுல அண்டா வந்துச்சு" என்றாள்.

வந்துச்சாம்.

"இன்னா மாமே," என்றான் பாலாஜி, "அண்டாவுக்கு இன்னா காலா மொளச்சிது? நம்மதான தூக்கினோம்?"

பேசி முடித்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கீதா மேடம் மேடையேறிச் சால்வையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நான் டப்பாவை மூடினேன். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பூந்தமல்லி வழியாக

அவர்கள் திரும்பி வந்த காலையில் விமான நிலையத்துக்கு எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு போனேன். கீதா மேடத்தை அவர் மகன் அழைத்துப்போனார். வடிவு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பைபாஸில் போயிருந்தால் சீக்கிரம் வீட்டுக்கு வந்திருக்கலாம். வீட்டில் செருப்புகள் காத்திருக்கும் என்று தெரியும். அதனால் போரூர், பூந்தமல்லி, ஆவடி என்று சுற்றுவழியில் விட்டேன்.

மெட்ரோ தூண்களுக்கு நடுவே வண்டி ஊர்ந்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு தாண்டுகிறவரை நான் பேசவில்லை.

"என்னன்னு சொல்லுங்க" என்றாள்.

"அண்டா எப்டி வடிவு வந்துச்சி?"

"என்னது?"

"மேடையில சொன்னியே, அண்டா வந்துச்சின்னு. தானா நடந்தா வந்துச்சி?"

சண்டைக்கு வருவாள், அல்லது மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேணும்னுதான் சொல்லல."

வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"என் தூக்கத்த எடுத்துக்கிட்டாங்க," என்றாள். "நம்ம ரூமை எடுத்துக்கிட்டாங்க. எங்க அம்மா செத்ததக்கூட ஒரு கூட்டத்துல கதையா சொல்லிட்டேன், எல்லாரும் அழுதாங்க, இப்ப அது எனக்குன்னு இல்ல. நீங்க அண்டாவ தூக்கிட்டு அந்தத் தண்ணியில எறங்கினத நான் பின்னால நின்னு பாத்தேன். ஒரு கல்லு வந்துச்சு, அப்பவும் நீங்க கைய விடல. அத மேடையில சொன்னா மறுநாளே உங்களயும் நிக்கவச்சு கால்ல விழுவாங்க. உங்க பேரச் சொல்லி அழுவாங்க. மாட்டேன். அத யாருக்கும் குடுக்க மாட்டேன்."

குரல் உடைந்தது. உலக அமைதிக்காக மேடையேறிவிட்டு வந்தவள், மூக்கு சிவக்க, என்னைப் போலவே வயிறெரிந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் என்னிடம் மட்டும்தான் இந்த வியாதி என்று நினைத்திருந்தேன்.

"டீ குடிக்கலாமா?" என்று கேட்டேன்.

"குடிக்கலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆவடி ரோட்டில் ஒரு கடை. முன்னால் பெஞ்சு, பின்னாலேயே வீடு. உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பாயிலருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார்.

"யம்மா, நீங்க அண்ணனூர் வடிவம்மா தான?"

நான் மனதுக்குள் எழுந்துவிட்டேன். போச்சு.

"இல்லப்பா," என்றாள் வடிவு. "நெறைய பேரு அப்படித்தான் கேக்காங்க."

பொய். என் மனைவி வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய், எனக்காகச் சொன்னது.

"அப்டியே கீறீங்கம்மா," என்றார் அவர் ஏமாற்றத்தோடு. "எங்கம்மாவுக்கு ஒரு பக்கம் இஸ்துகினு கீது. ஆஸ்பத்திரில பாத்துட்டோம், ஊட்டுக்கு அனுப்ச்சிட்டாங்க. அவங்ககிட்ட இட்டுகினு போலாம்னு பாத்தா ஆளு அசையவே முடியல. சரி, வுடுங்க. சக்கர கம்மியா?"

டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப்போனார். கடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் குழறலாக அவரைக் கூப்பிட்டது. என்ன பெயர் என்றுகூடப் புரியவில்லை. "இர்மா, வரேன்" என்றார்.

வடிவு டம்ளரைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்த பெஞ்சில் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். குரல் மறுபடி கேட்டது.

"வடிவு."

"ம்."

"போய்ப் பாரு."

"வேண்டாம். இன்னைக்கு உங்க கூட..."

"போ. நான் இங்கதான கீறேன்."

உடனே எழுந்துவிட்டாள். அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரரிடம் போய், "தம்பி, பொய் சொல்லிட்டேன். அம்மா எங்க படுத்திருக்காங்க?" என்றாள். அவர் கையிலிருந்த வடிகட்டியைப் போட்டுவிட்டு முன்னால் ஓடினார். அவள் பின்னால் போனாள். சாக்குத் திரை விழுந்தது.

பால் பொங்கி வந்தது. எழுந்துபோய் அடுப்பைக் குறைத்தேன். திரை இடுக்கில் பார்த்தால் கட்டிலோரம் தரையில் வடிவு உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாத அந்தக் கிழவியின் மேல் எனக்கு வயிறு எரிந்தது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாத்தே, டீ கெடைக்குமா?" என்றார்.

"கொஞ்சம் நேரம் ஆவும். உள்ள வைத்தியம் நடந்துகினு கீது."

"யாரு, பெரிய டாக்டரா?"

"என் சம்சாரம்" என்றேன்.

அந்த 'என்'னைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.